வர்ம நூல்களில் கைவர்மங்கள்: தொடக்கநிலைப் பயிற்சியும் ‘மாத்திரை’ என்னும் அளவும்

திறவுச்சொற்கள்: வர்மம், கைவர்மம், மாத்திரை, விரற்கடை, இளக்குமுறை, அடிமுறை

முன்னுரை

அடிமுறை, சிலம்பம் முதலிய தமிழ்த் தற்காப்புக் கலைகளில் வர்மம் உயர்நிலைப் பாடமாகக் கருதப்படுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசான் வழியாகப் பயிலப்பட்டு வந்த இக்கலையைப் பிற பகுதியினரும் இன்று நாடுகின்றனர். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஊர்தித் தொழிற்சாலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் பணியாற்றும் இளைஞர்க்குக் கையே பிழைப்பு. திருகாணி முடுக்குவதும் கம்பி இணைப்பதும் விரலின் உணர்வையும் பிடியின் வலிமையையும் நம்பியவை. அத்தகையோர் தற்காப்புக் கலையில் அடியெடுத்து வைக்கும்போது கைவர்மங்களை எம்முறையில் கற்பது தகும் என்பதை வர்ம நூல்களின் சொல்லாட்சி வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கைவர்மங்களின் தொகை

வர்மங்கள் 108 என்பது பெருவழக்கு. அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. உடற்பகுதி நோக்கிப் பகுக்குங்கால் தலை முதல் கழுத்து வரை 25, கழுத்து முதல் நாபி வரை 45, நாபி முதல் மூலம் வரை 9, கைகளில் 14, கால்களில் 15 எனக் கொள்வர். வடமொழிச் சுசுருத சங்கிதை மர்மங்களை 107 எனக் கொண்டு, கை கால் ஒவ்வொன்றுக்கும் 11 என வகுக்கிறது. மணிபந்தம் போன்ற பெயர்கள் இருமரபுக்கும் பொதுவாயினும் தொகையும் பகுப்பும் வேறுபடுகின்றன. எனவே ஒரு மரபின் பட்டியலைக் கொண்டு மற்றதன் இடங்களை உறுதிசெய்தல் பொருந்தாது.

இடமும் அளவும்

தொடக்கநிலை மாணவர் முதலில் அறிபவற்றுள் மூன்று இடங்கள் குறிப்பிடத்தக்கன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவ்வில் அமைவது கவுளிக்காலம். மணிக்கட்டில் அமைவது மணிபந்த வர்மம். முழங்கை மூட்டை ஒட்டியது மூட்டு வர்மம். மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் நாடி பார்க்கும் தமனியும், நடுப்பகுதியில் விரல்களுக்குச் செல்லும் நடு நரம்பும் உள்ளன. முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் அல்நார் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கு இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்னதிர்வு போன்ற உணர்வு எழுவது இதனால்தான். அந்நரம்பு சிதைந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து, பிடி தளரும்.

நூல்கள் இடத்தை விரற்கடையால் அளக்கின்றன. அளக்கப்படுபவரின் விரலே அதற்கு அளவுகோல். ஆதலின் அச்சுப்படத்தில் காணும் புள்ளி எல்லார் கைக்கும் ஒன்றாகாது. ஓரிடத்துக்குப் பல பெயர் வழங்குதலும், பரிபாடையில் பொருளை மறைத்துக் கூறுதலும் சுவடிகளில் இயல்பு. பாடவேறுபாட்டை ஆராயாது ஒரு பதிப்பை மட்டும் நம்பினால் நேரும் பிழை, பயில்பவரின் உடலில் தாக்கமாக முடியும். மூலபாட ஆய்வு இத்துறையில் உடற்பாதுகாப்பாகவும் அமைவது இக்காரணத்தால்.

மாத்திரை

இலக்கணத்தில் மாத்திரை ஒலிக்கும் காலத்தின் அளவு. கண்ணிமையும் கைந்நொடியும் அதற்கு எல்லை எனத் தொல்காப்பியம் கூறும். குறில் ஒன்று, மெய் அரை, மகரக்குறுக்கம் கால் என அளவு நுணுகும். மருத்துவத்தில் அச்சொல் உண்ணும் மருந்தின் அளவுருவைக் குறிக்கிறது. வர்மத்திலோ அது விசையின் அளவு. கால், அரை, முக்கால், ஒன்று என விசை ஏற ஏற விளைவும் கடுமையாகும். மூன்று துறைக்கும் பொதுவான கருத்து, அளவு மிகாமை. ஒரே இடம் மெல்லிய விசையால் மருத்துவத்துக்கும் மிகுவிசையால் தாக்குதலுக்கும் பயன்படுவதால், இடத்தை மட்டும் அறிந்தவர் பாதியே அறிந்தவராவார்.

பயிற்சி வரிசை

இவ்வரையறையிலிருந்து கற்பிக்கும் வரிசை பெறப்படும். முதலில் சுவடும் உடற்சமநிலையும் பழக வேண்டும். அடுத்துப் பற்றிய கையை விடுவித்தலும் பூட்டுகளும் வருகின்றன. இவற்றில் மூட்டின் இயல்பான அசைவெல்லையே கற்கப்படுகிறது. மூன்றாவதாக, ஆசான் முன்னிலையில் இடத்தை விரலால் தொட்டு அறிதல். இங்கு அடித்தலுக்கு இடமில்லை. இணையாளர் கைதட்டியவுடன் விடுதல் கட்டாயம். மரத்துப்போதல், வலுக்குறைதல், நீங்காத வலி ஆகியன தோன்றின் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடல் வேண்டும். இளக்குமுறையும் தடவுமுறையும் அறியாதவர்க்குத் தாக்குமுறையைக் கற்பிக்காமையே மரபுக்கு ஏற்றது. பணியில் ஒரே அசைவைப் பல மணிநேரம் செய்து மணிக்கட்டு ஏற்கெனவே நொந்திருப்பவர்க்கு அவ்விடத்தில் அழுத்தப் பயிற்சி தவிர்க்கத்தக்கது.

முடிவுரை

கைவர்மங்களை மறைபொருளாக மட்டும் பேணினால் அறிவு அருகும். அளவை விடுத்து இடத்தை மட்டும் பரப்பினால் ஊறு நேரும். சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, ஒவ்வொரு கைவர்மத்துக்கும் இடம், விரற்கடை, மாத்திரை, இளக்குமுறை ஆகிய நான்கையும் ஒருங்கே தரும் சொற்றொகுதி வேண்டப்படுகிறது. சித்த மருத்துவர், ஆசான், தமிழாய்வாளர் ஆகிய மூவரும் இணைந்தாலன்றி அது நிறைவுறாது. ஒரகடம் பகுதிக்கு அணித்தாகத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பது இம்முயற்சிக்கு வாய்ப்பாகும்.