மேசைத் தொட்டியில் யாரைக் குடிவைப்பது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாடகை அறையில் தங்கி ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு மேசை மேல் மீன் வளர்க்கும் ஆசை வந்தால், வண்ண மீன்களுக்குப் பேர்போன சென்னை கொளத்தூர் அப்படியொன்றும் தூரமில்லை.

அங்கே கண்ணைப் பறிப்பது தங்கமீன். சின்னத் தொட்டிக்கு அது ஆகவே ஆகாது. இன்று விரல் நீளம், நன்றாக வளர்ந்தால் ஒரு சாணுக்கு நெருங்கிவிடும். கழிவும் அதிகம். கப்பி ஜோடியோ மாதம் தவறாமல் குட்டி போடும். ஆறு மாதத்தில் தொட்டி தாங்காது.

பதினைந்து லிட்டர் பிடிக்கும் தொட்டியா? ஃபைட்டர் மீன், ஒன்றே ஒன்று. இரண்டு ஆண்களை விட்டால் துடுப்பு கிழியும் வரை சண்டைதான். தலைக்குள் இருக்கும் தனி உறுப்பால் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் என்பதால், கரண்ட் போய் பம்ப் நின்றாலும் தத்தளிக்காது. அதற்காகக் குட்டிப் பாட்டிலில் அடைப்பது கொடுமை: கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதையும் விட்டுவைக்காது. இதன் சொந்தக்கார மீன் ஒன்று நம்மூர் வயல்களிலும் குட்டைகளிலும் உண்டு. புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பிடிபட்ட மீனை வைத்து 1831இல் அதை விவரித்தார்கள்.

வெறும் ஐந்து லிட்டர்தான் என்றால் மீனே வேண்டாம். செர்ரி இறால் ஏழெட்டும் கொஞ்சம் ஜாவா பாசியும் போதும். நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாத இந்தச் சிவப்பு இறால்கள், நாள் முழுக்கக் குட்டிக் கால்களால் பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டே இருக்கும். செம்பு கலந்த மீன் மருந்து மட்டும் இவற்றுக்கு எமன்.

யாரைக் குடிவைத்தாலும், அம்மோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியா தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை செடி மட்டும் இருக்கட்டும்.