மலைநாட்டில் கடைசி மூன்று நாட்கள்

நெடும்பயணம் செய்வோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. தொடக்கத்தில் பொழுது தாராளமாய்க் கிடக்கும். கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்போம். இறுதி நாட்களிலோ ஒவ்வொரு நாழிகையும் கணக்குக் கேட்கும். வவுனியாவிலிருந்து எங்கள் பழைய மோட்டார் வண்டியில் புறப்பட்டுக் கொழும்பில் உறவினர் இல்லத் திருமணம் கண்டு, காலிவரை சென்று மீண்டு, மலைநாட்டை நோக்கித் திரும்பியபோது எங்கள் விடுமுறையில் எஞ்சியவை மூன்றே நாட்கள். பயணத்தின் மெய்யான நோக்கமோ இன்னும் நிறைவேறவில்லை.

அந்நோக்கத்தை வாசகர்களுக்குக் கூறிவிடுகிறோம். எம் இல்லத்தரசி தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றிற் பிறந்தவர். 1977ஆம் ஆண்டு ஆவணி மாதத்து வன்செயலின்போது, எட்டு வயதுச் சிறுமியாயிருந்த அவரைத் தோளிற் சுமந்துகொண்டு பெற்றோர் வவுனியாவை அடைந்தனர். அந்நாளில் மலைநாட்டை விட்டு வடக்கே குடியேறிய குடும்பங்கள் பல. மாமியாரின் தங்கை மட்டும் கணவர் வீட்டாரோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டார். குடும்பத்தின் பத்திரங்கள் யாவும் நெருப்புக்கு இரையாயின. பின்னர் போர் மூண்டு 2009வரை நீடித்தது. அது ஓய்ந்த பின்னரும் பிள்ளைகளின் படிப்பு, தொழில் என்று ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். அக்குற்றம் எங்களுடையதே.

எண்பத்துமூன்று வயதான மாமியார், புறப்படும் அன்று வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி இருக்காளா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வாங்க, மாப்பிள்ளை" என்றார். அவர் எங்களுக்குத் தந்த தடயம் ஒன்றே. அது நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயர்; ஒரு மரத்தின் பெயரால் அமைந்த தமிழ்ப் பெயர். அங்கு வாழ்வோரின் நலங்கருதி அதனை இங்கு எழுதாது விடுகின்றோம்.

முதல் நாள்: ஹற்றன்

கித்துல்கலையைக் கடந்து கினிகத்தேனையை நோக்கி ஏறத் தொடங்கியதும் காற்றில் ஈரமும் குளிரும் கலந்தன. நண்பகலில் ஹற்றனை அடைந்தோம். 1884இல் புகையிரதம் வந்ததன் பின்னர் வளர்ந்த நகரம் இது. மல்லியப்பு சந்தியில் வண்டியை நிறுத்தி, தேநீர்க் கடைகளிலும் காய்கறிக் கடைகளிலும் அம்மரத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தோம். "நோர்வூட் ரோட்டில போய்க் கேட்டுப் பாருங்க" என்றார் ஒருவர்.

இவ்வூரில் நின்றபோது, எங்களுக்கு முன்னே இப்பாதைகளிற் பயணம் செய்த வேறொரு தம்பதியர் நினைவுக்கு வந்தனர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளுமே அவர்கள். வெளியார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறலெனக் கருதப்பட்ட காலத்தில், நடேசய்யர் புடவை வியாபாரிபோல் வேடமிட்டு உட்சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். மீனாட்சி அம்மாளோ கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர். 1940இல் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். அவர்கள் மக்களைத் தேடித் தோட்டந்தோறும் சென்றனர். நாங்கள் ஒருத்தியைத் தேடிச் செல்கின்றோம் என்று எண்ணிக்கொண்டு புறப்பட்டோம்.

நோர்வூட் வீதியில் அம்மரத்தின் பெயரைக் கொண்ட இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. எம் இல்லத்தரசியின் முகம் மலர்ந்தது. ஆனால் அங்கிருந்த முதிய அம்மையார் ஒருவர், எங்களுக்குச் சாயத் தேநீர் ஊற்றித் தந்து, மாமியாரின் பெயரையும் அவர் தங்கையின் பெயரையும் இருமுறை கேட்டுவிட்டு, "அப்படி யாரும் இங்க இருந்ததில்லையே, தாயி" என்றார். பெயர் ஒன்று, இடம் வேறு. அன்றிரவு ஹற்றனில் எங்களுக்கு உறக்கம் கொள்ளவில்லை.

இரண்டாம் நாள்: ஐரோப்பாவின் ஊடாக

காலையில் தலவாக்கலைப் பாதையிற் சென்றோம். டெவன் நீர்வீழ்ச்சி பனிமூட்டத்தினூடே வெண்ணிறக் கோடாய்த் தோன்றியது. அடுத்திருக்கும் சென் கிளயரின் அகன்ற வீழ்ச்சியோ மெலிந்து காணப்பட்டது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்கு அந்நீர் திருப்பப்பட்டதே காரணம்.

வழியெங்கும் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள்: ஷனன், ஹொலிறூட், சமர்செற், எடின்பரோ! ஹற்றன் என்பதே ஸ்கொத்லாந்துக் கிராமமொன்றின் பெயர் என்பர். "கடல் கடவாமலே ஐரோப்பாவைச் சுற்றி முடித்துவிட்டோம்" என்று நகைத்தோம். எனினும் அந்நகைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, மலைகள் யாவும் தேயிலைக்கு மாறின. துரைமார் பலர் தங்கள் தாய்நாட்டு ஊர்களின் பெயர்களைத் தோட்டங்களுக்குச் சூட்டினர். அப்பெயர்கள் நாவில் ஏறாத தொழிலாளர், கங்காணியின் பெயராலும் மரத்தாலும் பாறையாலும் தமக்கெனப் பெயர்களை வைத்துக்கொண்டனர். இவ்வாறு ஒரே மண்ணுக்கு இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று பலகையிலும் பதிவேட்டிலும் இருப்பது. மற்றது மக்களின் நாவில் மட்டும் இருப்பது. பலகையிலுள்ள பெயர் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த பெயரோ எந்தப் பலகையிலும் இல்லை.

மாலையில் நுவரெலியாவை அடைந்தோம். 1894இல் எழுந்த செங்கல் நிறத் தபாற்கந்தோரும், ஆளுநர் கிறகரியின் பெயர் தாங்கிய ஏரியும், பூந்தோட்டங்களும் கண்ணுக்கு விருந்தாயின. மனமோ அவற்றில் ஈடுபடவில்லை. நாங்கள் தங்கிய விடுதியின் காவற்காரர் எண்பது வயதை நெருங்கியவர். முன்னாளில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாயிருந்தவராம். குளிருக்குக் கம்பளி போர்த்து அடுப்பருகே அமர்ந்திருந்த அவரிடம், நம்பிக்கையின்றியே அம்மரத்தின் பெயரைச் சொன்னோம்.

"தம்பி, நீங்க தோட்டத்தைத் தேடுறீங்க. அது தோட்டம் இல்ல, டிவிசன். பழைய ஆளுங்களுக்குத்தான் அந்தப் பேரு தெரியும். இறம்பொடை ரோட்டில எறங்கிப் போங்க" என்று கூறி, பலகையில் உள்ள ஆங்கிலப் பெயரையும், பாதை பிரியும் இடத்தையும் எங்கள் குறிப்பேட்டில் எழுதித் தந்தார்.

மூன்றாம் நாள்: லயத்து வாசலில்

இறம்பொடைப் பாதை, கண்டி வழியாக நாங்கள் வீடு திரும்பும் பாதையேயாகும். விடியலிற் புறப்பட்டோம். லபுக்கலையைக் கடந்து, கணக்கப்பிள்ளை குறித்த இடத்தில் கல்நிறைந்த கிளைவழியில் வண்டியை மெல்லச் செலுத்தினோம். கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் வரிசையில் நின்றனர். எம் இல்லத்தரசி இறங்கி, தம் சித்தியின் பெயரைச் சொன்னார். வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி, கொழுந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு அருகே வந்து உற்றுநோக்கினார்.

"வவுனியாவுக்குப் போன பெரியம்மா மகளா? அக்காவா?"

எம் இல்லத்தரசியால் ஆமென்று தலையசைக்கத்தான் முடிந்தது. சித்தி ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். "சாகுற வரைக்கும் ஒங்க பேச்சுத்தான், அக்கா" என்றார் தங்கை.

கங்காணியிடம் சொல்லிவிட்டு, அரைப்பேரோடு அன்றைய வேலையை நிறுத்திக்கொண்டு, எங்களை லயத்துக்கு அழைத்துச் சென்றார். "மச்சான், தலைய இடிச்சுக்காதீங்க" என்று தாழ்ந்த வாசலைக் காட்டினார். ரொட்டியும் சம்பலும் பரிமாறிய பின், தகரப்பெட்டியைத் திறந்து துணிமுடிச்சு ஒன்றை எடுத்தார். அதனுள் மூன்று கடிதங்கள். மூன்றும் திரும்பி வந்தவை. உறையின்மேல் மாமியாரின் பெயரும் வவுனியா என்ற சொல்லுமன்றி வேறெதுவும் இல்லை. அந்த முகவரியைக் கொண்டு எவரால் ஆளைக் கண்டுபிடிக்க இயலும்?

மாமியாரும் கடிதங்கள் எழுதியவரே. அவற்றுள் ஒன்றுகூட இங்கு வந்து சேர்ந்ததில்லை என்றார் தங்கை. லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் பெயருக்கே வருவது வழக்கம். மாமியாரோ மரத்தின் பெயரை மட்டுமே எழுதியிருந்தார்! உடன்பிறந்த இருவர் நாற்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் தேடியும் காணாது போனமைக்குப் போர் மட்டுமன்றி, ஒரு பெயரும் காரணமாயிற்று.

வீடு நோக்கி

பிற்பகலில் விடைபெற்றோம். சித்தியின் மறைவைத் தொலைபேசியிற் சொல்லலாகாது என்று எம் இல்லத்தரசி உறுதியாயிருந்தார். இறம்பொடை நீர்வீழ்ச்சி, புசல்லாவை, கம்பளை, கண்டி என்று வழி கீழிறங்கியது. மாத்தளையைக் கடக்கையில் இருள் சூழ்ந்தது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர், காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். நோயாலும் பசியாலும் மாண்டவர் கணக்கிலர். அவர்களின் நினைவாக 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்து வந்தனர். நாங்களோ மாத்தளையிலிருந்து வடக்கே, மெத்தையில் அமர்ந்து சில மணிநேரத்தில் வவுனியாவை அடைந்துவிட்டோம்.

மாமியார் விழித்திருந்தார். "இருக்காளா?" என்றார். எம் இல்லத்தரசி அருகமர்ந்து, கடிதமுடிச்சை அவர் கையில் வைத்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெகுநேரம் கழித்து, "படிச்சுக் காட்டு" என்றார். தோட்டப் பாடசாலை ஆசிரியரைக்கொண்டு எழுதுவித்த முதற்கடிதம், "அக்கா, பிள்ளை பள்ளிக்கூடம் போறாளா?" என்று தொடங்கியது. அன்று எட்டு வயதாயிருந்த அப்பிள்ளையே இன்று கண்ணாடி அணிந்து அதனைப் படித்துக்கொண்டிருந்தார்.

தைப்பொங்கலுக்குத் தங்கை குடும்பத்தோடு வருவதாகக் கூறியிருக்கிறார். அவருடைய முகவரியைப் பலகைப் பெயர், பிரிவு, லயத்து எண், மரத்தின் பெயர் ஆகிய நான்கோடும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கின்றோம். வாசகர்களின் இல்லங்களிலும் மலைநாட்டைப் பிறந்தகமாகக் கொண்ட முதியோர் இருக்கக்கூடும். அவர்கள் நாவிலுள்ள பெயரையும் பதிவேட்டிலுள்ள பெயரையும் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். நாங்கள் ஏழாண்டுகள் பிந்திச் சென்றோம். நீங்கள் பிந்தாதிருத்தல் வேண்டும்.