சிவப்புக் கோடு வேண்டாமே!

நானும் என் ஓரகத்தி அக்காவும் வீட்டில் இட்லிப்பொடி அரைத்து விற்கிறோம். பார்கோடு இருந்தால்தான் எடுப்பேன் என்று கடைக்காரர் சொல்லவே, ஜிஎஸ்1 இந்தியாவில் பணம் கட்டி, 890-ல் தொடங்கும் 13 இலக்க எண் வாங்கினோம். கடைசி இலக்கம், முந்தைய 12-ஐயும் சரிபார்க்கத்தான்.

லேபிள் மெஷினுக்குச் சிவப்பு ரிப்பன் போட்டால் பாக்கெட்டுக்கு எடுப்பாக இருக்குமே என்றார் அக்கா. நான் விடவில்லை. கடைகளில் பெரும்பாலும் சிவப்பு ஒளி ஸ்கேனர்தான். அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றே! கறுப்புதான் சரி.

ரிப்பன் இல்லாத மெஷின் விலை குறைவுதான். ஆனால் எண்ணெய், வெயில் பட்டால் பழைய ஏ.டி.எம். சீட்டு மாதிரி மங்கிப்போகும். அடுப்படிச் சரக்குக்கு ரிப்பன் மெஷினே வாங்குங்கள் தோழியரே. கோடுகளின் இருபுறமும் வெள்ளை இடம் விடணும். பாக்கெட் மடிப்பில் ஒட்டிவிடாதீர்கள்.