கட்டளை வராத கால்களுக்கு மின்சாரம்

மரக்காணம் பக்கம் பனையேறும்போது கால் வழுக்கி விழுந்தாலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி தூக்கியெறிந்தாலும் முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிடலாம். இடுப்புக்குக் கீழே அசைவு போனதும் "கால் செத்துப்போச்சு" என்று வீட்டார் மனம் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையல்ல. உப்பளத்தில் உப்புநீர் வாய்க்கால் நடுவில் உடைந்தால் கடைசிப் பாத்திகள் காய்ந்து கிடக்கும். பாத்தியில் பழுது இருக்காது. காயத்துக்குக் கீழுள்ள நரம்பும் தசையும் அப்படித்தான். மூளையின் கட்டளைதான் வந்து சேருவதில்லை.

அந்தக் கட்டளை ஒரு மின்துடிப்பு. உப்பில் உள்ள அதே சோடியம் நரம்புச் செல்லுக்குள் பாயும்போது பிறப்பது. அத்துடிப்பை வெளியிலிருந்து கிளப்பிவிடுவதே மின்தூண்டல் சிகிச்சை. தொடைமேல் பசைப்பட்டைகளை ஒட்டி, நொடிக்கு 20 முதல் 50 துடிப்புகள் வரை செலுத்துகிறார்கள். பல மாதம் அசையாத தசை கண்ணெதிரே புடைக்கிறது; முழங்கால் மெல்ல நீள்கிறது. முன்தொடை, பின்தொடை, புட்டம் என்று முறைவைத்துத் தூண்டினால் கால்கள் சைக்கிள் மிதிக்கின்றன. தசை சீக்கிரம் களைத்துவிடும். விடாமல் செய்தால் மெலிந்த தொடை மறுபடி திரளும்.

தண்டுவடத்தையே தூண்டுவது அடுத்த கட்டம். அமெரிக்காவின் லூயிவில்லில் கால்கள் செயலிழந்த ஓர் இளைஞரின் தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பதித்தார்கள். நீண்ட பயிற்சிக்குப் பின், மின்சாரம் ஓடும்போது அவர் தன் கால்களில் நின்றார். 2011இல் வெளியான அந்த ஆய்வு மருத்துவ உலகை உலுக்கியது. கழுத்துத் தோலின்மேல் ஒட்டிக் கைகளின் வலுவை மீட்க உதவும் கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கிடைத்தது.

ஆனால் மின்சாரம் தண்டுவடத்தை ஒட்டவைப்பதில்லை. அன்றாடப் பயிற்சிதான் வேலையின் பெரும்பகுதி. இதை நம் மண்ணில் உணர்த்தியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூர் சி.எம்.சி.யில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் அவர் உழைப்பின் பலன்.

கடையில் விற்கும் வலிநிவாரண மின்கருவியை வீட்டிலேயே ஒட்டிப் பார்க்காதீர்கள். உணர்வில்லாத தோல் வெந்தாலும் தெரியாது. நடுமார்பு அளவிலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயமென்றால் இரத்த அழுத்தம் திடீரென எகிறலாம். தசைக்குப் போகும் நரம்பே அழிந்திருந்தால் இந்தத் துடிப்பு எடுபடாது. யாருக்கு எது பொருந்தும் என்று சோதித்துச் சொல்ல மறுவாழ்வு மருத்துவர் வேண்டும். மரக்காணத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரில் அதற்கென்று ஒரு துறையே இருக்கிறது.