தானே ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும்போது, அது எந்த நேரத்தில், எந்த வேலையின் நடுவே நடக்கிறது என்பதே பழுதைக் காட்டிக்கொடுக்கும். இதைக் குறித்துவைக்காமல் ராமையும் மதர்போர்டையும் மாற்றுவது பணத்தை வீணாக்கும் வேலை.

கடலூர் மாவட்டம் அண்ணாகிராமம் ஒன்றியம் போன்ற விவசாயப் பகுதிகளில் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான் விழ வேண்டும். பம்புசெட் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் ஒரு நொடி சரியும். சுவர் மின்சாரம் அறுந்தாலும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஏறத்தாழ 17 மில்லி வினாடி தாங்க வேண்டும் என்பது இன்டெல்லின் ஏடிஎக்ஸ் வழிகாட்டி சொல்லும் அளவு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி வினாடி. ஆக, ஒரே ஒரு சுற்று தவறினால்கூட, எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குத் தரும் 'பவர் குட்' சமிக்ஞை விழுந்து கம்ப்யூட்டர் மறுபடி எழக்கூடும். மின்விசிறியோ டியூப் லைட்டோ அதைக் காட்டிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த அளவுக்குக்கூடத் தாங்குவதில்லை.

யுபிஎஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. கம்ப்யூட்டர் ஓடும்போது யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பார்க்கலாம். உடனே அணைந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். முன்னதாக வேலையைச் சேமித்துவிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை மாட்டியிருந்தால், அதன் சுவிட்ச் 'யுபிஎஸ்' நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மற்ற நிலையில் பேட்டரிக்கு மாறும் நேரம் கம்ப்யூட்டருக்கு ஒத்துவராத அளவு நீளும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று தட்டினால், எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும்.

மின்சாரம் சீராக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், விண்டோஸ் தரும் தடயம் அடுத்தது. கடும் பிழை வந்தால் பிழைத்திரையை நெடுநேரம் காட்டாமல் தானே ரீஸ்டார்ட் ஆவதே அதன் இயல்பான அமைப்பு. 'ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி' பகுதியில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டால் பிழையின் பெயர் திரையில் நிற்கும். ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு, முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. பலர் அதையே காரணமாக எடுத்துக்கொண்டு அலைகிறார்கள். அந்தப் பதிவின் விவரத்தில் 'பக்செக்கோட்' பூஜ்யமாக இருந்தால், விண்டோஸுக்குப் பிழையைக் குறிக்கவே அவகாசம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் மின்சாரமோ எஸ்எம்பிஎஸ்ஸோதான் காரணம். வேறு எண் இருந்தால் டிரைவரையோ ராமையோ சோதிக்கலாம்.

ராமைச் சோதிக்க, அதை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு துண்டை மட்டும் மாட்டி, மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட விட வேண்டும். ஒரு பிழை வந்தாலும் அந்தத் துண்டு அல்லது அதன் ஸ்லாட் சந்தேகத்துக்குரியது.

கேம் ஆடும்போது மட்டும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் திணறுகிறது எனலாம். 12 வோல்ட் இணைப்பு 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே செலவில்லாத சோதனை. சூடும் காரணமாகலாம்: பிராசசர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எல்லை மீறினால் அணைந்துவிடும். கூலரில் தூசி அடைந்திருந்தால் துடைத்து, தெர்மல் பேஸ்டைப் புதிதாகத் தடவ வேண்டும்.

சொந்தமாகப் பூட்டியவற்றில் அதிகம் வரும் கோளாறுகளும் உண்டு: தவறான இடத்தில் நிற்கும் பித்தளைத் திருகுத் தாங்கி மதர்போர்டின் அடிப்பக்கத்தை ஷார்ட் செய்வது, பிராசசருக்கான 8 முள் இணைப்பு முழுதாக அமராதது, ரீசெட் பொத்தான் அழுந்தியே நிற்பது. ரீசெட் வயரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டினாலே கடைசி ஐயம் தீரும். இத்தனையும் சரியாக இருந்தும் விழுந்தால், உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பார்த்து, மதர்போர்டை வாரண்டிக்கு அனுப்பலாம்.