ஒரு கவளம் கற்றுத் தந்த பாடம்

2011ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள். பகல் சாப்பாட்டுக்கு உம்மா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். வளைகுடா நாடொன்றில் கணவருடன் வசித்து வந்த என் ராத்தாவும் வந்திருந்தார். ஏழு வாரங்களுக்கு முன்னர்தான் அவருக்கு அங்கே, உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் பட்டி போடும் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. 110 கிலோவைத் தாண்டிய உடம்பு, நீரிழிவு, முழங்கால் வலி, ஸுஜூது செய்து எழும்ப முடியாமல் கதிரையில் அமர்ந்து தொழ வேண்டிய நிலை. இத்தனையும் சேர்ந்துதான் அவரை அந்த முடிவுக்குக் கொண்டு வந்தன.

ராத்தா ஒரு சிறிய பீங்கானில் இரண்டு மேசைக்கரண்டி சோறும் கொஞ்சம் மீனும் எடுத்துக்கொண்டு மிக மெதுவாகச் சாப்பிட்டார். எங்களுக்கு அது பொறுக்கவில்லை. "பெருநாளும் அதுவுமா இதா சாப்பாடு?" என்று உம்மா மனம் நொந்தார். நான் ஓர் இறைச்சித் துண்டை எடுத்து அவருடைய பீங்கானில் வைத்தேன்.

"எனக்குப் போதும் தங்கச்சி" என்றார்.

"ஒரேயொரு துண்டு ராத்தா, எனக்காக" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வாயில் போட்டுக்கொண்டார்.

ஐந்து நிமிடம் செல்லவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்பக்கம் போனார். வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. முதுகைத் தடவிக்கொடுப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தின் பின் அந்தத் துண்டு அப்படியே வெளியே வந்தது. நான் அழுதுவிட்டேன். அப்போது ராத்தா சொன்னதை இன்றும் மறக்கவில்லை. "உன்னில பிழையில்லை. ஒப்பரேஷன் எனக்குச் செய்தாங்க. எப்படிச் சாப்பிடணும் எண்டும் எனக்குச் சொல்லித் தந்தாங்க. சாப்பாடு போடுற உங்களுக்கு யாரும் ஒண்டும் சொல்லித் தரயில்லையே."

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வார்த்தைதான். இத்தகைய சத்திரசிகிச்சை செய்துகொண்ட சகோதரிகள் நம் குடும்பங்களிலும் இருக்கின்றார்கள். வெட்கம் காரணமாகப் பலர் அதை வெளியே சொல்வதில்லை. ஆனால் சாப்பாடு என்பது ஒருவர் தனியே செய்யும் காரியமல்ல. சமைப்பவர், பரிமாறுபவர், அருகில் அமர்ந்து உண்பவர் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

இந்தப் பட்டி என்ன செய்கின்றது?

இது சிலிக்கனால் செய்யப்பட்ட ஒரு வளையம். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி இதனைப் பூட்டுவார்கள். அதற்கு மேலே ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி மாத்திரம் கொள்ளக்கூடிய ஒரு சிறு பை போன்ற இடம் உண்டாகின்றது. வளையத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து வயிற்றுத் தோலின் கீழே வைக்கப்பட்ட ஒரு சிறு குமிழுடன் சேர்கின்றது. அந்தக் குமிழில் ஊசி மூலம் உப்புநீரைச் செலுத்தினால் பட்டி இறுகும், எடுத்துவிட்டால் தளரும். இரைப்பை வெட்டப்படுவதில்லை, குடல் மாற்றி இணைக்கப்படுவதும் இல்லை.

வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகளினூடாக இப்பட்டியைப் பொருத்தும் முறை 1993ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் தொடங்கியது. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு அனுமதி கிடைத்த பின்னர் இது மேலும் பரவியது. பின்னைய ஆண்டுகளில் இதன் செல்வாக்குக் குறைந்து, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சையே இன்று அதிகம் செய்யப்படுகின்றது. எனினும், முன்னர் பட்டி போட்டுக்கொண்டவர்களில் பலர் அதனுடனேயே வாழ்ந்து வருகின்றனர்.

பட்டி ஒரு பூட்டு என்று நாம் நினைத்திருந்தோம். அதிகம் சாப்பிட முடியாதவாறு அது தடுத்துவிடும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பதுதான் எங்கள் எண்ணம். அது தவறு. நன்றாக மென்று விழுங்கிய சிறு கவளம் பட்டியைத் தாண்டிச் செல்லும்போது அவ்விடத்தில் உண்டாகும் அழுத்தமே 'போதும்' என்ற உணர்வைத் தருகின்றது என வைத்தியர்கள் விளக்குகின்றனர். அவசரமாக விழுங்கினால் அந்த உணர்வு வருவதற்கு முன்பே வழி அடைபட்டுவிடும். ராத்தாவுக்கு அன்று நடந்தது அதுதான்.

முதல் ஆறு வாரங்கள்

சத்திரசிகிச்சைக்குப் பின் உணவு படிப்படியாகவே மாறுகின்றது. முதல் இரண்டு வாரமளவில் திரவ உணவு மட்டுமே. வடித்த சூப், பருப்புத் தண்ணீர், ஆடை நீக்கிய பால் போன்றவற்றை வாய் வாயாக உறிஞ்சிக் குடிக்க வேண்டும். அதன் பின்னர் கட்டியில்லாமல் அரைத்த உணவு. குழைந்த சோற்றையும் பருப்பையும் மீனையும் பிளெண்டரில் அடித்துக் கொடுக்கலாம். அடுத்து வருவது விரலால் நசுக்கினால் நசுங்கக்கூடிய மென்மையான உணவு: அவித்த மீன், முட்டை, தயிர், அவித்த பூசணி, கிழங்கு. ஏறத்தாழ ஆறு வாரங்களின் பின்னரே வழமையான உணவு ஆரம்பமாகும். இக்காலக் கணக்கு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை சிறிது வேறுபடும். உங்கள் வைத்தியர் சொன்னதே உங்களுக்குரியது.

இந்த ஒழுங்கை அவசரப்படுத்தக் கூடாது. புதிதாகப் பூட்டிய பட்டி அதன் இடத்தில் உறுதியாக அமைவதற்கு அவகாசம் தேவை. ஆரம்பத்திலேயே கட்டியான உணவை உண்டு வாந்தி எடுத்தால் பட்டி இடம் நழுவ வாய்ப்புண்டு. ஆறு வாரமளவில்தான் முதற்தடவை பட்டியை இறுக்குவார்கள். ஒவ்வொரு முறை இறுக்கிய பின்னரும் ஓரிரு நாட்களுக்குத் திரவ உணவுக்கே திரும்ப வேண்டும். ராத்தா பெருநாளைக்கு வந்தது முதற்தடவை இறுக்கிய சில நாட்களில்தான் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

உண்ணும் முறை

ராத்தாவுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டவை இவை. உணவை சோஸர் அளவுள்ள பீங்கானில் போட வேண்டும். கவளம் விரல் நுனியளவே இருக்க வேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் இருபது தடவையாவது மென்று, கூழான பின் விழுங்கி, சற்றுப் பொறுத்தே அடுத்ததை எடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிடங்கள் போதும். அதற்கு மேல் பீங்கானை வைத்துக்கொண்டு கொறிக்கக் கூடாது. வயிறு நிறைந்ததும் அல்ல, பசி அடங்கியதுமே நிறுத்த வேண்டும். மீனையும் முட்டையையும் பருப்பையும் முதலில் உண்டு, அதன் பின் மரக்கறி, கடைசியில் சோறு. ஏனெனில் குறைவாக உண்பவருக்குப் புரதம் தவறிவிடக் கூடாது.

சிறு கரண்டியால் உண்ணும்படிதான் ஆலோசனை சொன்னார்களாம். ராத்தாவோ மூன்று விரல்களால் உண்பதையே விரும்பினார். விரலால் பிசையும்போதே முள்ளும் நாரும் தெரிந்துவிடுகின்றது, கவளமும் தானாகச் சிறிதாகின்றது என்பார். நபி (ஸல்) அவர்கள் மூன்று விரல்களால் உண்டார்கள் என்பதை நாம் படித்திருக்கின்றோம். அந்த ஸுன்னத்தின் அருமை ராத்தாவின் பீங்கானைப் பார்த்த பின்தான் எனக்கு விளங்கியது.

தண்ணீர் விடயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. சாப்பிடும்போது குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும். உணவுடன் தண்ணீர் சேர்ந்தால் அது வழுக்கிச் சென்றுவிடும், விரைவில் பசிக்கும். வயிற்றில் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைப் பானத்துக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்குமாறு நபியவர்கள் வழிகாட்டியிருப்பதை நாம் அறிவோம். பட்டி போட்டவர் அந்தப் பானத்தின் பங்கை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்கின்றார். குறைவோடு நிறுத்தும் அந்தப் பாடம் மாறவில்லை. சோடா போன்ற வாயுவடைத்த பானங்களையும் தவிர்க்க வேண்டும்.

சிக்குபவையும் வழுக்குபவையும்

பாண், ரொட்டி, பராட்டா ஆகியவை வாயில் ஊறிப் பசைபோலாகிச் சிக்கிக்கொள்ளும். கட்டியான சோறு, நாருள்ள மாட்டிறைச்சி, காய்ந்துபோன கோழி நெஞ்சிறைச்சி, முருங்கைக்காய், தோடம்பழத்தின் தோல் போன்றவையும் பலருக்குச் சிரமம் தரும். இறைச்சி விருப்பமானால் மெல்லியதாக அரைத்து, நன்றாக அவித்து, குழம்புடன் சிறிது சிறிதாக உண்ணலாம். காலையில் தாங்காதது மாலையில் தாங்குவதும் உண்டு. எது ஒத்துக்கொள்கின்றது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது.

உணவு சிக்கினால் நெஞ்சு இறுகும், எச்சில் ஊறும். உடனே உண்பதை நிறுத்தி, எழுந்து நடக்க வேண்டும். தண்ணீர் குடித்துத் தள்ளிவிட முயலக் கூடாது. அது வேதனையைக் கூட்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வட்டிலப்பம், ஐஸ்கிறீம், ஃபலூதா, சொக்லட், இனிப்புத் தேநீர் ஆகியவை எந்தப் பட்டியையும் வழுக்கித் தாண்டிவிடும். பட்டி அளவுக்கு மீறி இறுகிப்போனால் நல்ல உணவு இறங்காது. இனிப்பு மட்டும் இறங்கும். 2014ஆம் ஆண்டளவில் ராத்தா இந்த வலையில்தான் விழுந்தார். சபையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் எங்களுடன் சாப்பிடுவதை விட்டார். தனியே இருந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து உண்டார். சோறு குறைந்தது, எடை ஏறியது. "பட்டி போட்டும் குறையவில்லையே" என்ற பேச்சு வேறு. தேவைப்பட்டது ஏச்சல்ல, பட்டியைச் சற்றுத் தளர்த்துவதுதான் என்பதைப் பிறகே அறிந்தோம்.

ரமழானில்

நோன்பு பிடிக்கலாமா என்பதை ஒவ்வொருவரும் தமது வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்த புதிதிலும், திரவ உணவில் இருக்கும் காலத்திலும் நோன்பு பொருத்தமல்ல. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை இருக்கின்றது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ பாவிப்பவர்கள் உணவின் அளவு குறைந்ததும் மருந்தின் அளவையும் வைத்தியரைக் கொண்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

நோன்பு பிடிப்பவர்கள் திறந்ததும் ஒரேயடியாகத் தண்ணீர் குடிக்க முடியாது. பேரீச்சம்பழத்தை நன்றாக மென்று, தண்ணீரை வாய் வாயாகக் குடித்து, மஃரிப் தொழுதுவிட்டுச் சாப்பாட்டுக்கு வரலாம். இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் குடித்தே உடலின் தேவையை நிரப்ப வேண்டும். ஸஹரை அவசரமாக உண்பதுதான் பெரும் ஆபத்து. பாங்கு சொல்லப் பத்து நிமிடம் இருக்கும்போது எழும்பக் கூடாது. தானாக வரும் வாந்தியால் நோன்பு முறிவதில்லை, வேண்டுமென்று எடுத்தால் முறியும் என்பது மார்க்கச் சட்டம். மேலதிகச் சந்தேகங்களை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

அலட்சியம் செய்யக் கூடாதவை

குறைவாக உண்பதால் விற்றமின், இரும்புச்சத்துக் குறைபாடு ஏற்படலாம். வைத்தியர் சொல்லும் விற்றமினை நாள்தோறும் எடுக்க வேண்டும். சில கூடுகளில் ஜெலட்டின் இருப்பதால் ஹலாலான மாத்திரையையோ பாணியையோ கேட்டு வாங்கலாம். வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. குழந்தை பெற விரும்பும் சகோதரிகள் சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு வருடத்துக்கு மேல் பொறுக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். கர்ப்பம் தரித்தால் உடனே வைத்தியரிடம் சொன்னால் தேவைக்கேற்பப் பட்டியைத் தளர்த்துவார்.

தண்ணீர் கூட ஒரு நாள் முழுவதும் இறங்காவிட்டால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், வயிற்றில் கடும் வலி வந்தால், குமிழ் இருக்கும் இடம் சிவந்து நொந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இரவில் படுத்ததும் இருமலும் நெஞ்செரிவும் வருவதும் பட்டி மிகவும் இறுகியுள்ளதன் அடையாளமாக இருக்கலாம். ராத்தா இந்த இருமலைத் தடிமன் என்றே பல மாதங்கள் விட்டுவிட்டார். பட்டியைப் பொருத்திய வைத்தியர் கடலுக்கு அப்பால். இங்கே யாரிடம் காட்டுவது என்ற தயக்கமும் இருந்தது. 2018ஆம் ஆண்டு எக்ஸ்ரே எடுத்தபோது பட்டி இடம் நழுவியிருப்பது தெரிந்தது. அதனைக் கழற்ற வேண்டியதாயிற்று. வெளிநாட்டில் பட்டி போட்டவர்கள் அதன் வகை, செலுத்திய நீரின் அளவு ஆகியவை எழுதப்பட்ட அறிக்கையைக் கையில் வைத்திருப்பதும், ஊரில் அதைப் பார்க்கக்கூடிய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரை முன்னரே அறிந்து வைப்பதும் அவசியம்.

வீட்டாரின் கடமை

விருந்தோம்பல் நம் சமூகத்தின் அழகு. ஸஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து உண்பதில் இருக்கும் நெருக்கம் வேறெதிலும் இல்லை. ஆனால் ஸஹனில் அமர்ந்தவர் மற்றவர்களின் வேகத்துக்கு உண்ண வேண்டியிருக்கின்றது. போதும் என்றாலும் அருகிலிருப்பவர் இறைச்சியைத் தள்ளி விடுவார். மறுத்தால் மனம் நோகும் என்று அவரும் உண்பார்.

அடுத்த பெருநாளில் உம்மா ஒரு வழி கண்டார். ஸஹனில் எல்லோரும் தொடங்குமுன் ராத்தாவின் பங்கை ஒரு சிறிய பீங்கானில் எடுத்து, இறைச்சியைப் பிய்த்துப் போட்டு அவர் முன்னே வைத்தார். ராத்தா எங்களுடனேயே அமர்ந்தார். யாரும் அவருடைய பீங்கானைப் பார்க்கவில்லை. யாரும் அளவு கேட்கவில்லை. 2014இல் அவர் தனியே ஒதுங்கியபோது இதை நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். பட்டியைத் தளர்த்திய பின் அந்தச் சிறிய பீங்கான் மீண்டும் ஸஹனின் ஓரத்துக்கு வந்தது.

பட்டியைக் கழற்றிய பின் ராத்தாவுக்குக் கொஞ்சம் எடை கூடியது. பலருக்கும் அப்படித்தான், பசி கூடுவது உடலின் இயல்பேயன்றி அவரது குற்றமல்ல. நீரிழிவுக்கான கிளினிக்குக்கு இப்போதும் ஒழுங்காகப் போகின்றார். ஸுஜூது செய்து எழும்ப முடிகின்றது, அல்ஹம்துலில்லாஹ். சிறிய பீங்கானும், மூன்று விரலும், மெதுவாக மெல்லும் பழக்கமும் அவருடனேயே இருக்கின்றன.

சகோதரிகளே, உங்கள் வீட்டு விருந்தில் ஒருவர் "போதும்" என்றால், அந்தச் சொல்லை ஒரு தடவையிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன சத்திரசிகிச்சை நடந்தது என்று நீங்கள் அறிய வேண்டியதில்லை. அவர் மனநிறைவோடு எழுந்து போனால் அதுவே விருந்தின் பரக்கத்.