இன்ஸ்டன்ட் கீசருக்கு எந்த வயர், எந்த பிளக்?

பெரிய தொட்டியில் சேமித்து வைக்காமல், வேண்டும்போது நீரைச் சூடாக்கித் தருவது இன்ஸ்டன்ட் கீசர். இந்திய வீடுகளில் பரவலாக உள்ள 3 கிலோவாட் கருவி, 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். டிவிக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது, சூடேறி உருகும். மெயின் போர்டிலிருந்து தனி வயர், மின்சாரம் அளவுமீறினால் தானாக அணையும் தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் பிளக் வேண்டும். 4.5 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 20 ஆம்பியர். அதற்கு அந்த பிளக்கும் போதாது, இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் டபுள் போல் ஸ்விட்ச் வழியாக நேரடி இணைப்புதான்.

எம்.சி.பி. காப்பது வயரை, ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எர்த் இல்லாத பழைய வீட்டில் மூன்று துளை பிளக் வெறும் அலங்காரம். ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே இருப்பதே நல்லது.